வேகன் சாடுகிறதா, வெளுக்கிறதா? சிறிய லேஅவுட்டுக்கான பிழை நீக்கும் வழிமுறை

இரணியல் பக்கம் எங்கள் வீட்டு மாடி அறையில் ஐந்தடிக்கு மூன்றடிப் பலகை ஒன்றில் என் மாடல் ரயில் லேஅவுட் கிடக்கிறது. எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. ஒரு வட்டம், வண்டி ஒதுங்கி நிற்க இரண்டு சைடிங், தடம் பிரியும் பாயிண்ட் மூன்று, ஒரு கூட்ஸ் ஷெட். நாகர்கோவில் சந்திப்பில் அரிசி மூட்டை இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு எக்ஸ்பிரஸைவிட சரக்கு வண்டி மேல்தான் ஆசை. ஏழெட்டு வருடத்தில் பன்னிரண்டு வேகன் சேர்ந்துவிட்டது. அவற்றில் ஒரு தடவையாவது என்னிடம் கெடாத வேகன் கிடையாது.

இதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டாம். உங்கள் வேகனுக்கு என்ன நோவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஓட்டம் சரியாகாத வேகனுக்கு வெதரிங், அதாவது பழசாகக் காட்டும் பூச்சு வேலை, செய்யாதீர்கள். துருவும் தூசியும் அழகாகப் பூசி முடித்த பிறகு சக்கரம் மாற்ற, எடை வைக்க என்று பெட்டியைப் பிரித்தால் விரல் பட்ட இடமெல்லாம் பூச்சு போய்விடும். ஒரே வேகனுக்கு மூன்று தடவை துரு பூசியவன் சொல்கிறேன்.

வேகன் தடம் புரள்கிறது

"மாமா, வண்டி பின்னயும் சாடிட்டு" என்று அக்கா மகன் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த வேகன், எந்த இடம் மக்கா?"

எல்லா வேகனும் ஒரே இடத்தில் சாடினால், அதாவது தடம் விட்டுக் குதித்தால், கோளாறு தண்டவாளத்தில். இணைப்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டும். ஒரே வேகன் எல்லா இடத்திலும் சாடினால் கோளாறு வேகனில். ஒரே வேகன் பாயிண்டில் மட்டும் சாடினால் பெரும்பாலும் சக்கரங்களுக்கு இடையிலுள்ள தூரம்தான் காரணம்.

அந்தத் தூரத்தை அளக்க வெர்னியர் காலிப்பர் வேண்டும். ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 14.4 முதல் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். 14 மி.மீ. என்று காட்டினால் சக்கரம் பாயிண்டின் காவல் தண்டவாளத்தில் இடித்து ஏறிக் குதிக்கும். உலோகச் சக்கரமாக இருந்தால் இரண்டு சக்கரத்தையும் இரு கைகளால் பிடித்து, முறுக்கிக்கொண்டே மெதுவாக இழுங்கள், நகரும். நேராக இழுத்தால் கோணலாகிவிடும். சரிசெய்த பிறகு அச்சை ஒரு கண்ணாடியின் மேல் உருட்டி, சக்கரம் ஆடாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

தூரம் சரியாக இருந்தும் சாடுகிறதா? போகியை, அதாவது வேகனுக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தை, பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கவனியுங்கள். பெட்டியிலிருந்து வரும்போது இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கும். அப்படி இருந்தால் தண்டவாளத்தில் சின்ன மேடு பள்ளம் வந்தாலே ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். ஒரு போகியை முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். அது பக்கவாட்டில் திரும்பினால் போதும், ஆடக் கூடாது. இன்னொன்றை முக்கால் சுற்றுவரை தளர்த்தி, எல்லாப் பக்கமும் லேசாக ஆட விடுங்கள். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்குமே, அதே கணக்கு. இதற்குக் காசு செலவில்லை. என் வேகன்களில் பாதி இந்த ஒரு வேலையிலேயே குணமாகிவிட்டன.

வேகன் உருளாமல் இழுக்கிறது

ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையில் தண்டவாளத்தைப் பதித்து, ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்துங்கள். நல்ல வேகன் தானாக உருண்டு இறங்கும். இறங்காவிட்டால் அச்சு முனை உட்காரும் குழியில் பிளாஸ்டிக் பிசிறு இருக்கலாம், அல்லது அச்சின் நீளம் பொருந்தாமல் இருக்கலாம்.

கடைகளில் 24.5, 25, 26 மி.மீ. என்று பல நீளங்களில் அச்சு வருகிறது. நீளம் கூடினால் போகியின் பக்கச் சட்டங்கள் வெளியே தள்ளப்பட்டு அச்சு இறுகும். குறைந்தால் வேகன் ஒரு பக்கமாகத் தொங்கும். பழைய அச்சை அளக்காமல் புதிதை வாங்காதீர்கள். குழிக்கு எண்ணெய் விடவும் கூடாது. எண்ணெய் தூசியைப் பிடித்து ஒரு மாதத்தில் கருஞ்சேறாகிவிடும். மெல்லிய பென்சில் முனையைத் தூளாக்கி ஒரு சிட்டிகை போதும்.

பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போடுவதுதான் வேகனுக்குச் செய்யக்கூடிய முதல் மேம்பாடு. அதில் ஒரு சிக்கல் உண்டு. கரி ஏற்றும் நம் திறந்த வேகனான பாக்ஸ்-என்னின் நிஜச் சக்கரம் புதிதாக இருக்கும்போது 1000 மி.மீ. விட்டம். எச்.ஓ.வில் அது 11.5 மி.மீ. ஆக வேண்டும். சந்தையில் எளிதாகக் கிடைப்பதோ அமெரிக்க வேகனுக்கான 33 அங்குலச் சக்கரம், வெறும் 9.6 மி.மீ. தான். 36 அங்குலம் என்று கேட்டு வாங்கினால் 10.5 மி.மீ. கிடைக்கும், கண்ணுக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் 9.6-ஐ எடுத்துவிட்டு 10.5 போட்டால் வேகன் அரை மி.மீ. அளவுக்கு உயரும். வேகன்களை இணைக்கும் கப்ளரின் உயரம் மாறும், சக்கரம் அடிச்சட்டத்தில் உரசவும் கூடும். உரசும் இடத்தில் கறுப்புக் கோடு விழும், அங்கே அரத்தால் சற்றுத் தேய்த்துவிடுங்கள்.

தண்டவாள அகலத்தைப் பற்றிப் புலம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ., எச்.ஓ.வில் 19.3 மி.மீ. வரவேண்டும். நாம் ஓட்டுவது 16.5 மி.மீ. தண்டவாளத்தில். இந்திய வேகன் அதன்மேல் நின்றால் பெரிய உடம்பும் ஒடுங்கிய காலுமாகத்தான் தெரியும். இது பிழையல்ல, சமரசம். பக்கவாட்டில் இருந்து பாருங்கள், தெரியாது.

வளைவில் நடு வேகன் உள்பக்கம் கவிழ்கிறது

இஞ்சின் முன்னால் இழுக்க, பின்னால் கனமான வேகன்கள் இருக்க, நடுவில் எடையில்லாத ஒன்று மாட்டிக்கொண்டால் அது வளைவின் உள்பக்கமாகச் சரியும். கயிற்றின் இரு முனையையும் இழுத்தால் நடுப்பகுதி நேராக ஓடிவருவது போலத்தான்.

அமெரிக்க மாடல் ரயில்காரர் அமைப்பான என்.எம்.ஆர்.ஏ. எச்.ஓ. வேகனுக்கு ஓர் எடைக் கணக்கு வைத்திருக்கிறது. அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதற்கு மேல் ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் அரை அவுன்ஸ். நம் கணக்கில் 28 கிராம், கூடவே ஒரு செ.மீ.க்கு 5.6 கிராம். பாக்ஸ்-என் உடல் 9.78 மீட்டர், எச்.ஓ.வில் 11.2 செ.மீ. அப்படியென்றால் 90 கிராமுக்குக் கொஞ்சம் மேல். என்னிடம் வந்த ஒன்றைச் சமையலறைத் தராசில் வைத்தபோது 58 காட்டியது. சாடாமல் என்ன செய்யும்!

சிறிய லேஅவுட்டில் ஐந்தாறு வேகனுக்கு மேல் ஓடப்போவதில்லை. ஆகவே 80 கிராமோடு நிறுத்தினாலும் பாதகமில்லை. எல்லா வேகனும் ஏறக்குறைய ஒரே எடையில் இருப்பதுதான் முக்கியம். எடையை எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு கீழே வையுங்கள். மூடிய வேகனில் தரைமேல் வைக்கலாம். திறந்த பாக்ஸ்-என் காலியாக ஓடவேண்டும் என்றால் அடிச்சட்டத்தின் நடுக்குழியில்தான் இடம்.

எடையெல்லாம் ஏற்றியும் கவிழ்கிறதென்றால் வேகன் நீளத்தைப் பாருங்கள். வளைவின் ஆரம் வேகன் நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் தொந்தரவில்லை. என் வட்டம் 15 அங்குல ஆரம், 381 மி.மீ. பாக்ஸ்-என் கப்ளரோடு 123 மி.மீ., நன்றாகவே ஓடுகிறது. பழைய பி.சி.என். மூடுவேகன் நிஜத்தில் 15.4 மீட்டர், மாடலில் 177 மி.மீ. வருகிறது. அது என் வட்டத்தில் ஓடாது என்பது வாங்கிய பிறகுதான் புரிந்தது. இப்போது சைடிங்கில் நிரந்தரமாக அரிசி இறக்கிக்கொண்டிருக்கிறது. மூடுவேகன் வேண்டுமென்றால் 11 மீட்டருக்குள் அடங்கும் பி.சி.என்.எச்.எல். மாடலைத் தேடுங்கள்.

ஒரு வருடம் கழித்து பெட்டியின் பக்கம் உப்புகிறது

இது எங்கள் ஊர்க்காரருக்கு வரும் தனி வியாதி. எடைக்கு என்ன வைப்பது என்று யோசித்தவனுக்கு குளச்சலில் வலைச் சாமான் விற்கும் கடையில் ஈயக்குண்டு கண்ணில் பட்டது. மலிவு, சிறிது, கனம். கை நிறைய வாங்கிவந்து தட்டையாக அடித்து, பெட்டிக்குள் வெள்ளைப் பசை ஊற்றி ஒட்டி மூடினேன். பதினாறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் வேகனின் பக்கம் வயிறு தள்ளி நிற்கிறது. திறந்தால் ஈயம் முழுக்க வெள்ளைத் தூள் பூத்திருந்தது.

மரத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பசை காயும்போதும் அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக அசிட்டிக் அமில ஆவியை விடும். ஈரமும் காற்றும் சேர்ந்தால் ஈயம் அரித்து ஈயக் கார்பனேட் ஆகும். அது ஈயத்தைவிட அதிக இடம் பிடிக்கும், மூடிய பெட்டிக்குள் போக வழியில்லாமல் பக்கங்களைத் தள்ளும். வருடத்தில் இரண்டு பருவமழையையும் வாங்கும் மாவட்டத்தில் ஈரத்துக்கா பஞ்சம்?

தீர்வு: வெள்ளைத் தூள் பூத்த ஈயத்தை வெளியே எடுத்துவிடுங்கள். ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், அது நச்சு. புதிதாக வைக்கும் ஈயத்தை இரண்டு கூறு எபாக்ஸியால் ஒட்டுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் டீ. குழந்தைகள் கைபடும் லேஅவுட் என்றால் ஈயமே வேண்டாம். இரும்பு நட்டு, வாஷர் போதும். ஆனால் அவற்றுக்கு ஒரு கோட் பெயிண்ட் அடித்து வையுங்கள், இல்லையென்றால் உப்புக்காற்றில் உள்ளேயே துரு பிடிக்கும். வெளியே நாம் பூசும் துரு போதாதென்று உள்ளே ஒன்று எதற்கு!

ஓரிடத்தில் வேகன் தானாக நகர்கிறது

பேய் இல்லை, காந்தம். கப்ளரைக் கை படாமல் கழற்ற தண்டவாளத்தின் கீழே காந்தம் பதித்திருப்பீர்கள். எஃகு அச்சோ, எடைக்கு வைத்த இரும்பு நட்டோ அதன் பக்கம் இழுபடும். காந்தத்துக்கு மேல் நிற்கும் வேகன்களுக்குப் பித்தளை அச்சும் ஈயமும் நல்லது. அல்லது நட்டை உயரே மாற்றுங்கள்.

காந்தம் என்றதும் நினைவுக்கு வருவது மணவாளக்குறிச்சிக் கருமணல். கரிச் சரக்கு போலவே இருக்கிறது என்று அள்ளிவந்து பாக்ஸ்-என்னில் கொட்டவேண்டும் என்று இந்தப் பக்கத்து மாடல்காரர் எவருக்கும் ஒருமுறை தோன்றும். வேண்டாம். அதில் இருக்கும் இல்மனைட் காந்தத்துக்கு இழுபடும் கனிமம். சிந்தும் மணலெல்லாம் இஞ்சின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். கூடவே இருக்கும் மோனசைட்டில் தோரியம் உண்டு, அது கதிரியக்கம் உள்ளது. வீட்டு மேசையில் அதற்கு வேலையில்லை. கரிக்கு நிஜமான கரியே போதும்: சிரட்டைக் கரியைத் துணியில் கட்டி இடித்து, டீ வடிகட்டியில் சலியுங்கள்.

ஓடும்போது கப்ளர் கழன்றுவிடுகிறது

நம் சரக்கு வேகன்களில் நடுவில் இருக்கும் சி.பி.சி. (சென்டர் பஃபர் கப்ளர்), மாடல் கப்ளர் செய்யும் கேடீ நிறுவனத்தின் விரல்மடக்குக் கப்ளரின் அதே குடும்பம். ஆகவே மாடலோடு வரும் பெரிய கொக்கியை எடுத்துவிட்டு இதைப் போட்டால் ஓட்டமும் தோற்றமும் ஒன்றாகவே தேறும்.

கழல்வதற்குப் பத்தில் எட்டு தடவை உயரம்தான் காரணம். தண்டவாளத்தின் தலையிலிருந்து கப்ளரின் நடுப்பகுதி 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கண்ணால் அளக்காதீர்கள், உயரம் காட்டும் கேஜ் ஒன்று வாங்கிவிடுங்கள், வாழ்நாளுக்கு வரும். தாழ்ந்திருந்தால் போகிக்கும் உடலுக்கும் நடுவே மெல்லிய வாஷர். உயர்ந்திருந்தால் போகி உட்காரும் மேட்டைத் தேய்க்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அளந்து அளந்து. கப்ளருக்குக் கீழே தொங்கும் வளைந்த கம்பி பாயிண்டில் இடித்தால் இடுக்கியால் சற்று மேலே வளையுங்கள்.

பின்னோக்கித் தள்ளும்போது மட்டும் சாடினால், கப்ளர் போகியில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தள்ளும் விசை போகியைத் திருப்பிவிடும். கப்ளரை உடலில் மாற்றிப் பொருத்துங்கள். குட்டை வேகனுக்கு 15 அங்குல வளைவிலும் அது தாங்கும்.

வெதரிங்குக்கு முன்னால்: எதைப் பார்த்துப் பூசுகிறோம்?

இது கோளாறுத் தலைப்பு இல்லை. ஆனாலும் கீழே வரும் பாதிக் கோளாறு இதைச் செய்யாததால் வருவது. வேறொருவர் செய்த மாடலைப் பார்த்துப் பூசாதீர்கள். குழித்துறையிலோ ஆரல்வாய்மொழியிலோ பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். சரக்கு வண்டி நின்றால் அதிர்ஷ்டம். தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 147-ம் பிரிவுப்படி அத்துமீறல் குற்றம், அதைவிட உயிர் பெரிது. நடைமேம்பாலத்திலிருந்து பார்த்தால் மேல்பகுதியும் தெரியும். மாடலை நாம் மேலிருந்துதானே பார்க்கிறோம்.

நான் கவனித்து எழுதிவைத்தவை கொஞ்சம். ஒரே வண்டியில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வேகன் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. ஒன்று வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாக, அடுத்தது பணிமனையிலிருந்து வந்த கையோடு அடர் சிவப்பாக. பராமரிப்புத் தேதி எழுதும் இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் ஒரு சதுரமாகப் பளிச்சென்று இருக்கும். காலி பாக்ஸ்-என்னின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட மோசம்: பெயிண்ட் தேய்ந்து, துருவும் கரித்தூளும் கலந்து கிடக்கும். சிமெண்ட் ஏற்றிய மூடுவேகனில் கதவுக்குக் கீழே சாம்பல் கோடு ஒழுகியிருக்கும். சக்கரத்தின் முகம் முழுக்கக் கருப்பு கலந்த பழுப்பு, தண்டவாளத்தில் படும் இடம் மட்டும் வெள்ளி. கீழிருந்து மேலே போகப்போகத் தூசி குறையும்.

எல்லா வேகனும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது

துருவென்றால் ஆரஞ்சு என்று மனதில் பதிந்துவிட்டதுதான் காரணம். ஆரஞ்சு என்பது நேற்றைய துரு. பழைய துரு காப்பிக்கொட்டை நிறம், சில இடத்தில் ஊதா கலந்த கருப்பு. நம் வேகன்களின் பெயிண்டே செங்காவி நிறம் என்பதால் அதன்மேல் துரு தனியாகத் தெரிவதும் குறைவு. ஆகவே முதல் வேலை துரு பூசுவதல்ல, வெளுக்க வைப்பது: அடிநிறத்தோடு கொஞ்சம் வெள்ளையும் மஞ்சளும் கலந்து, நன்றாக நீர்க்கச் செய்து, மேல்பாதியில் இரண்டு மெல்லிய கோட். துருவுக்கு எரிந்த அம்பர் மாதிரியான அடர் பழுப்பு, பஞ்சுத் துண்டால் ஒற்றி. ஆரஞ்சு ஊசிமுனை அளவு, அடர் பழுப்பின் நடுவில் மட்டும்.

ஏற்கனவே அதிகமாகிவிட்டதென்றால் அடர் பழுப்பு வாஷ் (நன்றாக நீர்த்த பூச்சு) ஒன்று கொடுங்கள், அடங்கிவிடும். பன்னிரண்டு வேகனையும் ஒரே நாளில் பூசாதீர்கள். கை ஒரே மாதிரி ஓடி எல்லாம் இரட்டைப் பிள்ளைகளாக வரும். என் பன்னிரண்டில் மூன்றுதான் மோசமான அழுக்கு, இரண்டு கிட்டத்தட்டப் புதிது.

வாஷ் திரண்டு வட்டம் வட்டமாகக் காய்கிறது

பரப்பு பளபளப்பாக இருக்கிறது, அல்லது எண்ணெய்ப் பசை இருக்கிறது. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம்: காலையில் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், கை வழியாக வேகனுக்கு. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் வேகனை முக்கி, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பிறகு விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். மேட் வார்னிஷ் ஒரு மெல்லிய கோட் அடித்த பிறகு வாஷ் கொடுத்தால் சீராகப் பரவும். அக்ரிலிக் வாஷில் ஒரே ஒரு துளி பாத்திரச் சோப்பு சேர்ப்பதும் உதவும்.

வாஷ் என்று நான் சொல்வது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 100 மி.லி.யில் கால் டீஸ்பூன் இந்தியன் இங்க். பலகை இடுக்கு, ரிவெட் தலை எல்லாவற்றிலும் தானாகப் போய் உட்காரும்.

வேகன் காயவே மாட்டேன் என்கிறது, கை ஒட்டுகிறது

ஆல்கஹாலுக்குப் பதிலாக வீட்டில் மிச்சம் கிடந்த கை சானிடைசரைக் கலந்தீர்களா? நான் கலந்தேன். அதில் கை வறளாமல் இருக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையிலேயே 1.45 சதவீதம் உண்டு. ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரின் தங்கிவிடும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு என்றைக்கும் பிசுபிசுவென்று இருக்கும். மேலே வார்னிஷ் அடித்து மூடப் பார்க்காதீர்கள், அது உரியும். சோப்பு நீரில் கழுவுவதைத் தவிர வழியில்லை.

வெள்ளைப் படலம் படர்கிறது

இரண்டு வகை, இரண்டு காரணம்.

வார்னிஷ் அடித்த சில நிமிடத்தில் வெளுத்தால் அது காற்றின் ஈரம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிரும், குளிர்ந்த இடத்தில் ஈரம் படியும், அது பூச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். ஆடி மாதச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். எங்கள் பக்கம் தை, மாசி, பங்குனி மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு அடிப்பதுதான் பத்திரம். அதற்காக வருடத்தின் வார்னிஷ் வேலை முழுவதையும் அந்த மூன்று மாதத்துக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன். மழைக்காலம் சக்கரத்துக்கும் கப்ளருக்கும். ஏற்கனவே வெளுத்துவிட்டதென்றால் உலர்ந்த நாள் ஒன்றில் அதே வார்னிஷை மெல்லிய, ஈரமான ஒரு கோட்டாக அடியுங்கள். பழைய பூச்சு இளகி, மாட்டிக்கொண்ட ஈரம் வெளியேறும்.

வார்னிஷ் நன்றாகக் காய்ந்து, அதன்மேல் ஆல்கஹால் வாஷ் கொடுத்த பிறகு வெளுத்தால் அது ஈரமல்ல. கரைப்பான் வகை மேட் வார்னிஷ்கள் சிலவற்றை ஆல்கஹால் தாக்கும், பால் போலப் பூக்கும். பயப்பட வேண்டாம், இன்னொரு கோட் வார்னிஷ் அடித்தால் மறைந்துவிடும். சில சமயம் அந்த வெளுப்பே வெயிலில் வெந்த பெயிண்ட் போல அழகாக இருக்கும். எனக்குப் பிடித்த வேகன் ஒன்று அப்படித் தற்செயலாக அமைந்தது, அதை மறைக்கவில்லை.

பூச்சு மணல்தாள் போலச் சொரசொரக்கிறது

ஸ்ப்ரே துளி வேகனில் விழும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டது. தூரம் 15 முதல் 20 செ.மீ. இருக்கட்டும். மொட்டை மாடியில் அடித்தால் காற்றைப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலை சுற்றுவதற்கு, வார்னிஷ் அடிப்பதற்கல்ல. பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் அடியுங்கள், மூக்குக்கு முகக்கவசத்தோடு.

தூள் பூசியது வார்னிஷுக்குப் பிறகு காணாமல் போகிறது

சாக்பீஸ் தூளோ நிறமித் தூளோ, மணிகளுக்கு நடுவே காற்று இருப்பதால்தான் வெளிறித் தெரிகிறது. வார்னிஷ் அந்த இடைவெளியை நிரப்பினால் ஈரமண் போலக் கருத்து, பாதி மறைந்துவிடும். தேவைக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாகப் பூசி, தூரத்திலிருந்து மிக மெல்லிய கோட். காய்ந்ததும் மறுபடி தூள். மூன்று சுற்று பிடிக்கும். கைபடாத அடிச்சட்டத்துக்கு வார்னிஷே வேண்டாம்.

நிஜ மண்ணைப் போட ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: எங்கள் தோட்டத்துச் செம்மண் நிறத்தில் அருமை. அதைத் தண்ணீரில் கலக்கி, கனமானது அடியில் படிந்ததும் மேலே கலங்கியிருப்பதை மட்டும் வடித்துக் காயவைத்தால் எச்.ஓ.வுக்குப் பொருந்தும் நைசான தூள் கிடைக்கும். கடற்கரை மண் கூடாது. அதிலிருக்கும் உப்பு ஈரத்தை இழுத்து, வேகன் மழைநாளில் வியர்க்கும்.

பிளாஸ்டிக் உருகிவிட்டது

ஹார்டுவேர் கடையில் வெறுமனே தின்னர் என்று கேட்டால் பெரும்பாலும் என்.சி. தின்னரைத்தான் தருவார்கள். அது பாலிஸ்டைரீனைக் கரைக்கும். எனாமலுக்கு டர்பன்டைன், அக்ரிலிக்குக்கு தண்ணீர் அல்லது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். உருகிய இடத்தை இரண்டு நாள் தொடாமல் விட்டு, பிறகு தேய்த்து, பெரிய துருப் பள்ளமாக மாற்றிவிடலாம். என் கூட்ஸ் ஷெட்டில் அப்படி ஒன்று நிற்கிறது.

எண்களைச் சுற்றி வெள்ளி விளிம்பு தெரிகிறது

எண் அச்சிட்ட ஒட்டுப் படலமான டெக்கலுக்குக் கீழே காற்று அடைபட்டிருக்கிறது. சொரசொரப்பான மேட் பரப்பில் ஒட்டியதன் பலன். ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தி, டெக்கல் இளக்கும் திரவத்தைத் தடவுங்கள். அடுத்த தடவை முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டெக்கல், மறுபடி பளபளப்பு, கடைசியாக மேட்.

எண் எழுதும்போது கண்டபடி எழுத வேண்டாம். இந்திய வேகன் எண்ணுக்கு 11 இலக்கம்: முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு சொந்த ரயில்வே (தெற்கு ரயில்வேக்கு 06), அடுத்த இரண்டு கட்டிய வருடம், பிறகு நான்கு தனி எண், கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். கட்டிய வருடத்தைக் கவனித்து எழுதினால் எது வெளுத்திருக்க வேண்டும், எது புதிதாக இருக்க வேண்டும் என்பதும் தானே தெரிந்துவிடும். எங்கள் மாவட்டத்துக்குத் தண்டவாளம் வந்ததே 1979-ல் என்பதால் அதற்கு முந்தைய கதையை எங்கள் ஸ்டேஷனில் ஓட்டவும் முடியாது.

வெதரிங்குக்குப் பிறகு ஓடவில்லை

சக்கரத்தின் ஓடுபரப்பில் பெயிண்ட், அச்சு முனையில் வார்னிஷ், கப்ளர் பெட்டிக்குள் தூள். மூன்றில் ஒன்று. பட்ஸில் ஆல்கஹால் தொட்டு ஓடுபரப்பைத் துடையுங்கள். அச்சைக் கழற்றி முனையைத் துடைத்துப் பென்சில் தூள் போடுங்கள். கப்ளரைத் திறந்து ஊதுங்கள். அடுத்த தடவை ஸ்ப்ரேக்கு முன்பே சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கப்ளரை மாஸ்கிங் டேப்பால் சுற்றுங்கள். சக்கர முகத்துக்குத் தனியாகத் தூரிகையால்.

எடுத்துவைத்த வேகனில் ஸ்பாஞ்ச் ஒட்டிக்கொண்டது

பெட்டிக்குள் வைக்கும் மஞ்சள் அல்லது சாம்பல் நிறப் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் ஈரமான காற்றில் சில வருடத்தில் சிதைந்து பிசினாகும். வேகனில் ஒட்டினால் பெயிண்டோடுதான் வரும். முதலில் கையால் பெரிய துண்டுகளை மட்டும் எடுங்கள், மிச்சத்தை ஈரத்துணியால் மெல்ல ஒற்றுங்கள். தேய்த்தால் நாம் பூசிய துருவும் சேர்ந்து போகும். இனிமேல் டிஷ்யூ பேப்பரில் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில், இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். எங்கள் வீட்டில் நேந்திரம் சிப்ஸ் வந்த பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள்தான் வேகன் பெட்டி. நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு. மேலே சொன்ன எண்ணெய்க் கதை அதற்கும் பொருந்தும்.